உப்புக்காற்றில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல். அந்த மாடி அறையில்தான் என் முதல் கேமிங் கம்ப்யூட்டரை வைத்திருந்தேன். 14 மாதம் ஓடியது. ஒரு நாள் காலையில் பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, ரேமை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். தங்க நிறத்தில் இருக்க வேண்டிய பற்களின் ஓரத்தில் பச்சைப் புள்ளிகள். பித்தளைக் குத்துவிளக்கில் ஏறும் அதே களிம்பு. மதர்போர்டில் ரேம் உட்காரும் இடத்திலும் அதேதான். வாரண்டிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அரிப்பு ஏறியிருக்கு சார், இதுக்கு வாரண்டி கிடையாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வாரண்டி அட்டையைப் பிறகுதான் முழுதாகப் படித்தேன். அதில் அப்படித்தான் எழுதியிருந்தது.

அதன்பின் எனக்கு ஒன்று, தங்கச்சிமடத்தில் மைத்துனருக்கு ஒன்று, கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் தெரிந்த பிள்ளைகளுக்குச் சில என்று தொடர்ந்து பூட்டி வருகிறேன். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் எல்லாம் வேகத்தையும் விலையையும் பார்த்துப் பாகம் தேர்வு செய்யச் சொல்கின்றன. நம் கரையில் மூன்றாவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும்: உப்பு. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி வகைப் பூச்சும் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் உலோக அரிப்பை ஆராய மண்டபம் முகாமைத் தேடி வந்ததும் இந்தக் காற்றுக்காகத்தான். இரும்புப் பாலத்தையே தின்னும் காற்றில், முடி அளவுத் தாமிரக் கோடுகள் ஓடும் ஒரு போர்டை வைக்கப் போகிறோம்.

உப்பு எப்படி வேலை செய்கிறது

இதைப் புரிந்துகொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொரு தேர்வுக்கும் காரணம் தானாகத் தெரியும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருக்கும் நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். ஃபேன் உள்ளே இழுக்கும் காற்றோடு வரும் உப்புத்தூள் போர்டின் மேல் படிகிறது. பகலில் சும்மா கிடக்கும். இரவில் ஈரம் ஏறியதும் மின்சாரம் கடத்தும் உப்புநீர்ப் படலமாக மாறிவிடும். அரிப்பு அங்கே தொடங்குகிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்கு ஆபத்து குறைவு. உள்ளே சூடு இருப்பதால் அங்குள்ள காற்றின் ஈரப்பதம் இறங்கிவிடும். அணைந்து கிடக்கும் கம்ப்யூட்டர்தான் கெடுகிறது. "பத்திரமா இருக்கட்டும்னு ரெண்டு மாசம் போடவே இல்லண்ணே" என்று கொண்டுவரும் பிள்ளைகளின் போர்டில்தான் நான் அதிகக் களிம்பைப் பார்த்திருக்கிறேன்.

படி 1: பணத்தை எடுக்கும் முன் இடத்தை முடிவு செய்யுங்கள்

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். தெற்கு, மேற்கு ஜன்னல் வழியாக உப்பும் மணலும் வரும். வாடைக் காலத்தில் வடகடல் பொங்கும். அப்போது வடக்கு ஜன்னல். ஆகவே எந்த ஜன்னலுக்கும் நேர் எதிரே மேசை வேண்டாம். வீட்டின் நடு அறை, உள்பக்கச் சுவர், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். இது போதும்.

ஏசி இருந்தால் நல்லது, ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இரவெல்லாம் ஏசி ஓடிக் குளிர்ந்த அறையில், காலையில் ஜன்னலைத் திறந்தால் வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தில் பட்டு முத்து முத்தாக வியர்க்கும். ஏசியை அணைத்தபின் அரைமணி நேரமாவது அறை மூடியே இருக்கட்டும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டரை ஓடவிட்டால் இன்னும் நல்லது.

படி 2: மானிட்டர்

எல்லாரும் கடைசியாக வாங்குவது இது. முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான். 1080பி திரையில் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு நொடியும் இத்தனை புள்ளிகளையும் நூறு தடவைக்கு மேல் வரைய வேண்டும். 4கே எடுத்தால் வேலை 1440பியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கார்டின் விலையும் சூடும் அதற்கேற்ப ஏறும். 27 அங்குலம், 1440பி, 165 ஹெர்ட்ஸ் (திரை நொடிக்கு 165 தடவை புதுப்பிக்கும்) அல்லது அதற்கு மேல் என்பதே என் பரிந்துரை. மேசைத் தூரத்தில் உட்கார்ந்து ஆடுகிறவருக்கு இதற்குமேல் கொடுக்கும் காசு கண்ணுக்குத் தெரிவது குறைவு.

படி 3: கிராபிக்ஸ் கார்டு

மொத்தப் பணத்தில் ஏறக்குறைய பாதி இங்கே போகும். அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

2025-இல் வந்த உயர்நிலைக் கார்டுகளை மின்சாரக் கணக்கில் வரிசைப்படுத்தினால் இப்படி வரும். என்விடியா ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ 300 வாட், 16 ஜிபி நினைவகம். ஏஎம்டி ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 304 வாட், அதுவும் 16 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 5080 360 வாட், அதே 16 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 5090 575 வாட், 32 ஜிபி.

வெளியூர்க்காரர் கேட்டால் காசுக்கு ஏற்றதை எடு என்பேன். நம் கரையில் 300 வாட் பக்கத்திலேயே நின்றுவிடுங்கள் என்று சொல்கிறேன். காரணம் அந்த மின்இணைப்பு. புதிய என்விடியா கார்டுகளில் 12வி-2×6 என்ற 16 முள் இணைப்பான் இருக்கிறது. அதில் மின்சாரம் சுமப்பது ஆறு ஜோடி முள்தான். 575 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 48 ஆம்பியர்; ஒரு முள்ளுக்கு 8 ஆம்பியர். ஒரு முள் தாங்குவதோ சுமார் 9.5 ஆம்பியர். அத்தனை குறுகிய இடைவெளி. ஒரே ஒரு முள்ளில் களிம்பு ஏறித் தடை கூடினால், அந்த முள் மறுத்த மின்சாரம் மற்ற முட்களில் பாயும், அவை சூடாகும். இந்த வகை இணைப்பான் உருகிய சம்பவங்கள் 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த காலத்திலிருந்தே உண்டு. உப்பே இல்லாத ஊர்களிலேயே நடந்தவை அவை. 300 வாட் கார்டில் அதே கணக்கு முள்ளுக்கு 4 ஆம்பியர் சொச்சத்தில் நிற்கிறது. பாதி பாரம். 9070 எக்ஸ்டி கார்டுகளில் பலவற்றில் பழைய 8 முள் இணைப்பான்களே வருகின்றன. அவை தடித்த முட்கள், பொறுமைசாலிகள்.

சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு டன் ஏசி சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும். 5090 போட்ட கம்ப்யூட்டர் முழு வேகத்தில் ஓடினால் அதில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத மாடி அறையில் அதை ஓடவிட்டுப் பார்க்கவே வேண்டாம்.

5070 டிஐயா, 9070 எக்ஸ்டியா? ஒளிக்கதிர்த் தடமறிதல் (ரே டிரேசிங்: நிழலையும் பிரதிபலிப்பையும் நிஜம்போல் வரையும் முறை) நிறைய உள்ள விளையாட்டுகள் பிடித்தால், அல்லது வீடியோ எடிட்டிங்கும் செய்கிறீர்கள் என்றால் 5070 டிஐ. வெறும் விளையாட்டுதான், விலை வித்தியாசம் கணிசமாக இருக்கிறது என்றால் 9070 எக்ஸ்டி. வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள். மூன்று ஃபேன் கார்டுகள் பல ஒரு அடிக்குமேல் போகும். கேபினட்டில் இடம் இருக்க வேண்டும். முட்டுக்கொடுக்கும் தாங்கியையும் அப்போதே வாங்குங்கள்.

படி 4: பிராசஸரும் மதர்போர்டும்

விளையாட்டுக்கு இன்று நான் போடுவது ஏஎம்டி ரைசன் 7 9800எக்ஸ்3டி. 8 கோர், 16 திரெட், 96 எம்பி எல்3 கேஷ், 2024 நவம்பரில் வந்தது. அதன் சிறப்பு அந்தக் கேஷ்தான். விளையாட்டு அடிக்கடி கேட்கும் தகவல் கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பதால் ரேம் வரை ஓட வேண்டியதில்லை. முந்தைய 7800எக்ஸ்3டியில் கேஷ் கோர்களின் மேலே உட்கார்ந்திருந்தது. இதில் கீழே போய்விட்டதால் சூடு நேராகக் கூலருக்கு ஏறுகிறது. வெப்பமான ஊருக்கு இது சின்ன லாபம் அல்ல. பணம் இடித்தால் 7800எக்ஸ்3டி இன்னும் நல்ல பிராசஸர்தான்.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரக பிராசஸர்களைப் பழைய சாமானாக யாராவது மலிவாகக் கொடுத்தால் தயங்குங்கள். அவற்றில் வோல்டேஜ் தேவைக்கு மேல் ஏறும் கோளாறு இருந்தது. 2024-இல் மைக்ரோகோட் (பிராசஸரின் உள்கட்டளை) திருத்தம் விட்டார்கள். ஆனால் அதற்குமுன் சேதமான பிராசஸரை அந்தத் திருத்தம் குணமாக்காது. கையில் இருப்பது எந்த ரகம் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

மதர்போர்டு ஏஎம்5 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்), பி850 சிப்செட் (போர்டின் ரகம்) போதும். பத்து, பதினைந்து ஆயிரம் கூடக் கொடுத்து எக்ஸ்870இ வாங்கினால் விளையாட்டு வேகம் ஏறாது. அந்தப் பணத்தை யுபிஎஸ்ஸுக்கு வையுங்கள். ஏஎம்5-ஐ 2027 வரையாவது ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது; பின்னால் பிராசஸரை மட்டும் மாற்ற வாய்ப்புண்டு. நான் பார்க்கும் மற்றொன்று: பின்பக்கத் தகடு போர்டோடு சேர்ந்தே வருகிறதா, பயன்படுத்தாத துவாரங்களுக்கு ரப்பர் மூடி கிடைக்கிறதா. யுஎஸ்பி துவாரங்களுக்கும் காலியான ரேம் இடங்களுக்கும் சிலிக்கோன் மூடி போட்டால் ஒரு வருடம் கழித்து வித்தியாசம் தெரியும். போர்டின் மேல் வார்னிஷ் போன்ற பாதுகாப்புப் பூச்சைத் தூரிகையால் தடவலாமா என்று கேட்கிறார்கள். தடவாதீர்கள். அது சாக்கெட்டுக்குள் இறங்கினால் போர்டு போயிற்று, வாரண்டியும் போயிற்று.

படி 5: ரேம், எஸ்எஸ்டி

ரேம் டிடிஆர்5-6000 (வேகம்), சிஎல்30 (தாமத அளவு; எண் குறைந்தால் நல்லது), 16 ஜிபி இரண்டு குச்சி. நான்கு குச்சி வேண்டாம், வேகம் இறங்கும். 2025 இறுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியதால், விலையைப் பார்த்துவிட்டுப் பட்ஜெட் போடுங்கள். எஸ்எஸ்டிக்கு (விளையாட்டுகளைச் சேமிக்கும் இடம்) நான்காம் தலைமுறை என்விஎம்இ வகை, 2 டிபி. ஐந்தாம் தலைமுறைக்குக் கொடுக்கும் கூடுதல் காசு விளையாட்டில் தெரியாது, சூடுதான் கூடும். 

படி 6: கூலரும் கேபினட்டும்

கூலர் விஷயத்தில் என் நிலைப்பாடு உறுதியானது: காற்றுக் கூலர். தண்ணீர்க் கூலரில் பம்ப் நின்றாலோ கசிந்தாலோ இங்கிருந்து மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். காற்றுக் கூலரில் கெடக்கூடியது ஃபேன் ஒன்றுதான். அதைக் கழற்றி மாற்றிவிடலாம். இரட்டைக் கோபுரக் கூலராக, முழுதும் நிக்கல் முலாம் அல்லது கறுப்புப் பூச்சுள்ளதாக எடுங்கள். பூச்சில்லாத அலுமினியத் தகடுகளில் இரண்டு மழைக்காலத்துக்குள் வெள்ளைப் பொடி பூப்பதை நானே சுரண்டிப் பார்த்திருக்கிறேன். அதே மாடலில் வெள்ளி நிறம், கறுப்பு நிறம் இரண்டும் இருந்தால் கறுப்பை எடுங்கள்.

கேபினட்டில் முன்பக்கம் வலை, அதன் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய நெருக்கமான நைலான் வடிகட்டி. வெறும் பெரிய துளைத் தகட்டை வடிகட்டி என்று விற்பார்கள். விரல் நகத்தை வைத்துப் பாருங்கள், துணிபோல் நெருக்கமாக இருக்க வேண்டும். உள்ளே இழுக்கும் ஃபேன் மூன்று, வெளியே தள்ளுவது ஒன்று. இப்படி வைத்தால் உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடியிருக்கும்; சந்து பொந்து வழியாகக் காற்று வெளியேறுமே தவிர, வடிகட்டியைத் தாண்டாத உப்புக்காற்று உள்ளே நுழையாது. வெளியே தள்ளும் ஃபேனைக் கூட்டினால் கதை தலைகீழாகிவிடும்.

கேபினட் உள்தகட்டின் வெட்டு விளிம்புகளைத் தடவிப் பாருங்கள். பெயிண்ட் ஏறாத விளிம்பில்தான் முதல் துரு. கூடவே வரும் திருகுகளை எடுத்து வைத்துவிட்டு, அதே அளவில் எவர்சில்வர் திருகு வாங்கிப் போடுங்கள். செலவு மிகக் குறைவு. மூன்று வருடம் கழித்து கிராபிக்ஸ் கார்டைக் கழற்றும் நாளில், தலை தேய்ந்த துருத் திருகோடு மல்லுக்கட்டும் நிலை வராது.

படி 7: பவர் சப்ளை, யுபிஎஸ், எர்த்

300 வாட் கார்டுக்கு 750 வாட், 5080-க்கு 850 வாட் பவர் சப்ளை என்பது என்விடியாவே சொல்லும் அளவு. 80 பிளஸ் கோல்டு (மின்சாரத்தை வீணாக்காததற்கான சான்று), ஏடிஎக்ஸ் 3.1 (புதிய கார்டுகளுக்கான பவர் சப்ளைத் தரம்), உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் வரை என்று ஒட்டுத்தாளில் இருக்க வேண்டும். கரையோரத் தெருக்களில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்குவது உங்களுக்குத் தெரியும். முழு வீச்சுள்ள பவர் சப்ளை அதைத் தாங்கிக்கொள்ளும்.

யுபிஎஸ்ஸில் விஏ எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடைகளின் பில் கவுண்டரில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தருவது சுமார் 360 வாட்தான். நம் கணக்கு: கார்டு 300, விளையாடும்போது பிராசஸர் 100, மற்றவை 60, மானிட்டர் 50; 500 வாட்டுக்கு மேல். 1500 விஏ, 900 வாட், தூய சைன் அலை என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். சதுர அலை தரும் மலிவு யுபிஎஸ்ஸும் வீட்டு இன்வெர்ட்டரும் நவீன பவர் சப்ளையோடு ஒத்துப்போகாமல், கரண்ட் போகும் அந்த நொடியிலேயே கம்ப்யூட்டரை அணைத்துவிடக் கூடும். அதற்காகத்தானே யுபிஎஸ் வாங்கினோம்.

எர்த்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் மணலில் புதைத்த ஜிஐ பைப் சில வருடங்களில் அரித்துப் போகும். மேலே பிளக்கில் மூன்று துளை இருக்கும், கீழே மண்ணில் ஒன்றுமே இருக்காது. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதென்றால் அதுதான் அடையாளம். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. பத்து, இருபது காட்டினால் முதலில் குழியைச் சரிசெய்யுங்கள், கம்ப்யூட்டர் காத்திருக்கட்டும்.

படி 8: எங்கே வாங்குவது

கீழக்கரைத் தம்பி ஒருவர் கேட்டார் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்): "அண்ணே, எங்க காக்கா அடுத்த மாசம் துபாய்லருந்து வர்றாக. கார்டை அங்கேயே வாங்கிட்டு வரச் சொல்லவா? வெல கம்மின்றாக."

"வெல கம்மிதான் தம்பி. கெட்டுப்போனா திரும்பத் துபாய்க்கே அனுப்பணுமா, இங்க மதுரையில பார்ப்பாங்களான்னு மொதல்ல கேட்டுச் சொல்லுங்க."

விசாரித்தார். அந்தக் கார்டின் வாரண்டி வாங்கிய நாட்டுக்கு மட்டும்தான். பிறகு மதுரையில் ஜிஎஸ்டி பில்லோடு வாங்கினோம். பிராசஸர், ரேம் போன்றவற்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை. அவை கெடுவது அபூர்வம். கிராபிக்ஸ் கார்டும் மதர்போர்டும் இங்கேயே வாங்க வேண்டியவை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பில்லில் சீரியல் எண் இருக்கட்டும். அரிப்புக்கு வாரண்டி இல்லை என்ற வரி அட்டையில் எங்கே இருக்கிறது என்று தேடிப் படியுங்கள். பெட்டி வந்ததும் ஒவ்வொரு பாகத்தின் பற்களையும் பின்பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். வந்தபோதே கறை இருந்ததா என்ற பேச்சு எழுந்தால் உங்களிடம் சாட்சி இருக்கும்.

பூட்டும் நாளும் அதற்குப் பிறகும்

மழை நாளில் பூட்டாதீர்கள். வாடை ஓய்ந்து மாசி, பங்குனியில் காய்ந்த காற்று வரும் முற்பகல் நல்ல நேரம். வியர்வையும் உப்புத்தான். கையைக் கழுவித் துடைத்து, பற்களைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்து மாட்டுங்கள். கிராபிக்ஸ் கார்டின் மின்இணைப்பை இடைவெளி தெரியாத அளவுக்கு முழுதும் அழுத்தி உட்காரவைத்து, முதல் ஒன்றரை அங்குலத்துக்குள் வயரை வளைக்காமல் விடுங்கள்.

பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை இயக்குங்கள். இல்லாவிட்டால் ரேம் தன் முழு வேகத்துக்கு வராது. கார்டின் மின்வரம்பை 85 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். நொடிக்கு வரும் ஃபிரேம் (படங்கள்) சில எண்ணிக்கைதான் குறையும். சூடும் சத்தமும் கண்கூடாக இறங்கும்.

மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவ வேண்டும். போர்த் தண்ணீரில் கழுவாதீர்கள். அது காய்ந்ததும் வலைக் கண்ணெல்லாம் உப்பு நிற்கும். குடத்தில் பிடித்து வைத்த காவிரித் தண்ணீரில் அலசி, நிழலில் முழுதும் காயவைத்து மாட்டுங்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் தூசி ஊதுவது நம் பக்கம் வழக்கம். அந்த டாங்கியின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும், காற்றோடு துளித்துளியாக அது போர்டில் இறங்கும். சின்ன எலக்ட்ரிக் புளோயர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இருமுறை, கச்சான் முடிந்ததும் வாடை முடிந்ததும், ரேமையும் கார்டையும் உருவி 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் பற்களைத் துடைத்து, காய்ந்தபின் மாட்டுங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை விளையாட நேரம் இல்லாவிட்டாலும் தினமும் அரைமணி நேரம் ஓடவிடுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டை ஆறவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பெரிய பாலித்தீன் உறையில் கட்டி வையுங்கள். திரும்பி வந்ததும் உறையைப் பிரித்து ஒரு மணி நேரம் கழித்து ஆன் செய்யுங்கள். என் இரண்டாவது கம்ப்யூட்டரை இப்படித்தான் மூன்று மழைக்காலம் கடத்தியிருக்கிறேன். போன வாரம் ரேமை உருவிப் பார்த்தேன். பற்கள் வாங்கிய அன்று எடுத்த படத்தில் இருப்பதுபோலவே மஞ்சளாக இருந்தன.